கதவில் ஒட்டிய தாள்

2023ஆம் ஆண்டு ஜனவரி மாதக் கடுங்குளிரில், உத்தராகண்ட் மாநிலத்தின் ஜோஷிமட் நகரத்து வீடுகள் பலவற்றின் சுவர்களில் சிவப்பு நிறத்தில் பெருக்கல் குறி இடப்பட்டது. இமயச் சரிவில் அமைந்த அவ்வூரின் நிலம் தாழத் தொடங்கியிருந்தது. 868 கட்டடங்களில் விரிசல் காணப்பட்டதாகவும், அவற்றுள் 181 பாதுகாப்பற்ற பகுதியில் இருப்பதாகவும் நிர்வாகம் அறிவித்தது. குறி இடப்பட்ட வீட்டார் வெளியேற வேண்டும். குறி இல்லாத பக்கத்து வீட்டின் சுவரிலும் விரிசல் உண்டு என்றால், அவ்வீட்டார் அன்றிரவு எப்படி உறங்கியிருப்பார்கள்?

பேரிடருக்குப் பின் தன் வீட்டின் முன் நிற்கும் குடும்பம் முதலில் கேட்பது, உள்ளே போகலாமா என்பதை. சில நாட்களில் நிவாரணம் எவ்வளவு என்ற கேள்வி எழும். அதைத் தொடர்ந்து, காப்பீடு கிடைக்குமா, வீட்டுக்கடன் தவணை என்னவாகும் என்ற கேள்விகள் வரும். வங்கிக் கிளைகளுக்கு வந்து சேர்வன பெரும்பாலும் கடைசியாகக் கூறியவையே. இவை எல்லாவற்றுக்கும் சுவரில் இட்ட அந்த ஒரே குறியிலிருந்து விடை பெற முயல்கிறோம். அதுவே நம் நாட்டில் தொடர்ந்து நடந்துவரும் பிழை என்பது நம் கருத்து. பணம் தொடர்பான கேள்விகள் காத்திருக்கலாம். முதற் கேள்விக்குத் தவறான விடை அளித்தால் உயிர் போகும்.

முதற் கேள்விக்கு விடை காணும் முறை ஒன்று உலகில் இருக்கிறது. அது புதியதும் அன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இயங்கும் ‘அப்ளைடு டெக்னாலஜி கவுன்சில்’ என்ற அமைப்பு, நிலநடுக்கத்திற்குப் பின் கட்டடங்களைச் சோதிப்பதற்கான ‘ஏடிசி-20’ என்னும் கையேட்டை 1989இல் வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் அம்மாநிலத்தின் லோமா பிரியேட்டா பகுதியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட, மை உலர்வதற்குள் அக்கையேடு களத்திற்குச் சென்றது. பயிற்சி பெற்ற இருவர் ஒரு கட்டடத்தைப் பத்து நிமிடம் முதல் அரை மணி நேரம் வரை பார்த்துவிட்டு வாசலில் ஒரு தாளை ஒட்டுவார்கள். பச்சை என்றால் பார்வையிடப்பட்டது, வெளிப்படையான ஆபத்து தென்படவில்லை. மஞ்சள் என்றால் கட்டுப்பாட்டுடன் மட்டும் பயன்படுத்தலாம். சிவப்பு என்றால் நுழையக்கூடாது. ஐயத்துக்குரியவற்றை அனுபவமிக்க பொறியாளர்கள் பின்னர் வந்து சில மணி நேரம் ஆராய்வார்கள். அதிலும் தெளிவு பிறக்காவிட்டால், வரைபடம், கணக்கீடு, சோதனை என நாட்கணக்கில் முழு ஆய்வு நடக்கும். ஜப்பானும் நியூசிலாந்தும் இதையொத்த முறையைத் தமக்கேற்ப அமைத்துக்கொண்டன. 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தின்போது நேபாளத்தில் தன்னார்வப் பொறியாளர்கள் இதே மூவண்ணத் தாள்களுடன் வீதிவீதியாகச் சென்றனர். அவர்கள் பணி தொடர்ந்துகொண்டிருந்தபோதே, முதல் அதிர்வுக்குப் பதினேழு நாட்களுக்குப் பின், மே 12 அன்று 7.3 அளவில் மீண்டும் நிலம் குலுங்கியது. இவ்வேலையில் வேகம் ஏன் வேண்டும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இருபது நிமிடத்தில் என்ன பார்க்க முடியும்? தெரிந்தவர் கண்ணுக்கு நிறையவே தெரியும். அவர் உடனே உள்ளே நுழைவதில்லை. முதலில் கட்டடத்தைச் சுற்றி வருகிறார். கட்டடம் ஒருபுறமாகச் சாய்ந்திருக்கிறதா, ஏதேனும் ஒரு தளம் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறதா, கடைக்காலைச் சுற்றி மண் பிளந்திருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு பக்கத்துக் கட்டடத்தையும் பின்னால் உள்ள மண்சரிவையும் நோக்குகிறார். நம் வீடு உறுதியாக நின்று, அண்டை வீட்டின் நீர்த்தொட்டி நம் மேல் விழக் காத்திருக்கும் நிலையும் உண்டல்லவா? மாடிக் கைப்பிடிச் சுவர், சன்ஷேடு, மேல்நிலைத் தொட்டி ஆகியவை கட்டடத்தின் பலத்தோடு அவ்வளவாகத் தொடர்பில்லாதவை. எனினும் வாசலில் நிற்பவர் தலைக்கு மேல் இருப்பவை அவையே. எரிவாயுக் கசிவும் மின்கம்பியும் கூட இந்த முதற் பார்வையில் அடங்கும்.

தூணும் உத்தரமுமாகக் காங்கிரீட்டில் கட்டிய வீடாயின், அடுத்து அவர் கண் செல்வது தூண்களின் தலைப்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும். அங்கே காங்கிரீட் பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறதா, அக்கம்பி நெளிந்திருக்கிறதா, சாய்வான விரிசல் ஓடுகிறதா என்பவையே தலையாய செய்திகள். தூண்களுக்கு இடையே நிரப்பிய செங்கற்சுவர், உத்தரத்தைத் தொடும் இடத்தில் கோடுபோல் விட்டிருந்தால் பெரும்பாலும் அது அச்சத்துக்குரியதன்று. சுவரே பாரம் தாங்கும் பழைய வீடாயின் நிலைமை வேறு. அங்கே சன்னல்களுக்கு இடைப்பட்ட சுவரில் பெருக்கல் குறிபோல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் விரிசலும், மூலையில் இரு சுவர்கள் பிரிந்து நிற்பதும் ஆபத்தின் அறிகுறிகள். 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மராட்டியத்தின் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரிப் பகுதியில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேரைப் பலிகொண்டவை, மண்சாந்தில் அடுக்கிய தடித்த கற்சுவர் வீடுகளே. அத்தகைய சுவரின் உள்ளடுக்கும் வெளியடுக்கும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும்போது, கொத்தனார்கள் ‘சுவர் வயிறு தள்ளிவிட்டது’ என்பார்கள். அதைக் கண்டவர் அச்சுவரருகே நிற்கமாட்டார்.

ஓர் இடைக்குறிப்பு. அடுக்ககங்களில் குடியிருப்போர் பொறியாளரை வரவேற்பறைக்கு அழைத்துச் சென்று பூச்சுவிரிசலைக் காட்டுவதிலேயே பெரும்பாலும் முனைப்பாக இருப்பார்கள். அவர் காண விரும்புவதோ வாகனம் நிறுத்தும் தரைத்தளத்தில், இருசக்கர வாகனங்களுக்குப் பின்னால் மறைந்து நிற்கும் தூணை. 2001 ஜனவரி 26 அன்று கட்ச் நிலநடுக்கம், தன் மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அகமதாபாத் நகரில் எழுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அங்கு விழுந்த அடுக்ககங்கள் பலவற்றில், மேலே சுவர்கள் நிறைந்த தளங்களும் கீழே வாகனங்களுக்காகத் தூண்கள் மட்டும் நிற்கும் தரைத்தளமும் இருந்தன.

வெள்ளத்துக்குப் பின் பார்க்க வேண்டியவை சற்று வேறுபடும். ஓடும் நீர் கடைக்காலுக்கு அடியில் மண்ணை அரித்திருக்கும். ஊறிய மண்சுவர் நீர் வடிந்து சில நாட்கள் கழித்தும் சரியலாம். நிலவறையில் தேங்கிய நீரை ஒரே மூச்சில் இறைப்பதும் தவறு. வெளியே ஈரமண்ணின் அழுத்தம் அப்படியே இருக்க, உள்ளே தாங்கி நின்ற நீர் மட்டும் நீங்கினால் சுவர் உள்நோக்கி விழக்கூடும்.

இனி இம்முறையின் எல்லையைக் கூற வேண்டும். நாம் இக்கட்டுரை எழுத முனைந்ததும் அதற்காகவே.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் சிடிவி கட்டடம் என்றொரு ஆறுமாடிக் கட்டடம் இருந்தது. 2010 செப்டம்பர் 4 அன்று 7.1 அளவு நிலநடுக்கம் அப்பகுதியைத் தாக்கியது. கட்டடம் நின்றது. விரைவுச் சோதனை செய்தவர்கள் பச்சைத் தாள் ஒட்டினர். சில வாரங்களில் பொறியாளர் ஒருவர் வந்து இன்னும் விரிவாகப் பார்த்தார். ஆனால் கட்டமைப்பு வரைபடங்கள் அவர் கையில் இல்லை. கட்டடத்தில் அலுவலகங்களும் ஆங்கிலப் பயிற்சிப் பள்ளியும் வழக்கம்போல் இயங்கின. 2011 பிப்ரவரி 22 நண்பகலில் நகருக்கு மிக அருகே மீண்டும் நிலம் அதிர்ந்தபோது, அக்கட்டடம் முற்றிலும் சரிந்தது. அந்நிலநடுக்கத்தில் இறந்த 185 பேரில் 115 பேர் அந்த ஒரே கட்டடத்துக்குள் இருந்தவர்கள்.

பின்னர் அரசு அமைத்த விசாரணை ஆணையம், 1980களில் கட்டிய அக்கட்டடத்தின் வடிவமைப்பிலேயே குறை இருந்ததைக் கண்டறிந்தது. தூண்கள் வளைந்து கொடுத்துத் தாங்கும் திறனற்றவை. தளங்களைப் படிக்கட்டுக் கோபுரச் சுவர்களோடு பிணைத்த இணைப்புகள் போதாதவை. இவற்றுள் எதையும் வெளியில் நின்று இருபது நிமிடம் பார்ப்பவர் காண முடியாது. ‘இந்த அதிர்வினால் கண்ணுக்குத் தெரியும் சேதம் இல்லை’ என்பதே பச்சைத் தாளின் பொருள். ‘இக்கட்டடம் வலிமையானது’ என்று அது சொல்லவில்லை. மக்களோ அதை அப்படித்தான் படித்தார்கள். நாமாக இருந்தாலும் அப்படியே படித்திருப்போம். அஞ்சி நிற்பவனுக்குப் பச்சை நிறத்தைக் காட்டினால், கீழே சிற்றெழுத்தில் உள்ள நிபந்தனையை அவன் ஏன் படிக்கப்போகிறான்?

நம் நாட்டில் இந்தக் குழப்பம் இன்னொரு வடிவம் எடுக்கிறது. கட்ச் நிலநடுக்கத்துக்குப் பின் குஜராத் அரசு சேதமடைந்த வீடுகளை ‘ஜி-1’ முதல் ‘ஜி-5’ வரை தரம் பிரித்தது. ஜி-5 என்பது முற்றிலும் இடிந்தது. தரத்துக்கேற்ப உதவித்தொகை, அத்தொகை பயனாளியின் வங்கிக் கணக்கில் தவணை முறையில், ஒவ்வொரு கட்டப் பணியையும் பொறியாளர் சரிபார்த்தபின் வரவு வைக்கப்பட்டது. வீட்டுக்காரரே முன்னின்று தம் வீட்டைக் கட்டிக்கொள்ளும் அந்த ஏற்பாடு பின்வந்த பல மறுகட்டுமானத் திட்டங்களுக்கு முன்மாதிரியாயிற்று. அதில் வங்கிகளுக்குப் பங்கிருந்ததில் நமக்கு மகிழ்ச்சியே. 2018 வெள்ளத்துக்குப் பின் கேரளத்தில் சேதத்தை விழுக்காட்டுக் கணக்கில் பிரித்து, கைப்பேசிச் செயலி வழியே பதிவு செய்தார்கள். அதன் மீதும் மேல்முறையீடுகள் குவிந்தன.

இவை பணம் பகிர்வதற்கான தரவரிசைகள். பணத்துக்கான தரத்தைப் பாதுகாப்புக்கான தரமாக எடுத்துக்கொள்ளும்போது இருபுறமும் கேடு விளைகிறது. ‘சிறு சேதம்’ என்று பதிவான வீட்டுக்குச் சிறு தொகை கிடைக்கிறது. அதையே ‘குடியிருக்கலாம்’ என்ற சான்றாக ஊர் எடுத்துக்கொள்கிறது. விழுக்காட்டில் குறைவான அந்தச் சேதம் ஒரே ஒரு தூணின் அடியில் இருந்தால்? மறுபுறம், தொகை கூடும் என்ற நம்பிக்கையில் உள்ளதை மிகைப்படுத்திக் காட்டும் தூண்டுதல் வீட்டுக்காரருக்கு இருக்கிறது. குறைத்துக் காட்டும் தூண்டுதல் நிர்வாகத்துக்கு. இந்த இழுபறிக்கு நடுவே உள்ளே போகலாமா என்ற எளிய கேள்வி மறக்கப்படுகிறது. பாதுகாப்புத் தாளை ஒட்டுபவர் நிவாரணப் பட்டியலில் ஒரு சொல்லும் எழுதக்கூடாது. நிவாரணக் கணக்கெடுப்பவர் பாதுகாப்பைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. இவ்விரண்டு பணிகளும் வெவ்வேறு ஆட்களிடம், வெவ்வேறு நாட்களில் இருப்பதே முறை.

மஞ்சளைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். ஜோஷிமட்டில் ரூர்க்கியைச் சேர்ந்த மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2,364 கட்டடங்களை ஆய்ந்தது. பயன்படுத்தத்தக்கவை 37 விழுக்காடு. பயன்படுத்தத் தகாதவை 20. இடிக்க வேண்டியவை 1. எஞ்சிய 42 விழுக்காட்டுக்கு அந்நிறுவனம் அளித்த விடை, ‘மேலும் ஆய்வு தேவை’ என்பது. ஏறத்தாழ ஆயிரம் கட்டடங்கள்! இது நிறுவனத்தின் குறையன்று. நேர்மையான விடை அதுவே. ஆனால் செய்தித்தாள்கள் சிவப்பைப் படம்பிடித்தன. பச்சைக்குரியவர் வீடு திரும்பினர். மஞ்சளுக்குரிய குடும்பம் எத்தனை மாதம் வாடகைக்கு இருப்பது, யார் செலவில் அந்த ‘மேலும் ஆய்வை’ நடத்துவது? செங்கல், கற்கட்டடங்களைச் சோதித்து வலுப்படுத்த ஐஎஸ் 13935, காங்கிரீட் கட்டடங்களுக்கு ஐஎஸ் 15988 என இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் நெறிமுறைகள் ஏற்கெனவே உள்ளன. இரண்டாம் வருகைக்கான ஆளையும் பணத்தையும் முதல் வருகையின்போதே ஒதுக்காவிட்டால், மஞ்சள் தாள் வெயிலில் வெளுத்து, மழையில் கிழிந்து, ஒருநாள் தானாகவே பச்சையாகிவிடும். குடும்பங்கள் வேறு வழியின்றி உள்ளே போய்விடுவார்கள்.

ஆட்கள் கிடைப்பார்களா என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருவர் கொண்ட ஒரு குழு, நடக்கும் நேரமும் சேர்த்து நாளொன்றுக்குப் பதினைந்து கட்டடம் பார்க்கக்கூடும். பத்தாயிரம் கட்டடம் உள்ள சிறு நகருக்கு ஐம்பது குழுக்கள் இருந்தாலும் இரு வாரம் ஆகும். நூறு பொறியாளர்கள் பேரிடர் நடந்த மறுநாள் திடீரென முளைத்துவிட மாட்டார்கள். ஜப்பானில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதற்கெனப் பயின்று பெயர் பதிவு செய்துள்ளனர். நம்மிடமும் பொதுப்பணித்துறை, உள்ளாட்சி, வீட்டுவசதி வாரியம், பொறியியல் மற்றும் பாலிடெக்னிக் கல்லூரி ஆசிரியர் என மாவட்டந்தோறும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேர்ந்து, ஆண்டுக்கொருமுறை பயிற்றுவித்து, அடையாள அட்டை தந்து வைத்திருப்பதே வேண்டுவது. சட்டமும் துணை நிற்கிறது: 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, பாதித்த பகுதிக்குள் நுழைவதைத் தடுக்கவும், பொதுமக்களுக்கு ஆபத்தான கட்டுமானங்களை அகற்றவும் மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2020இல் விரைவுக் கட்சோதனை குறித்து ஒரு கையேடும் வெளியிட்டது. அது பேரிடருக்கு முன்பே பலவீனமான கட்டடங்களைக் கண்டறிவதற்கானது. நோய் வருமுன் செய்யும் உடல் பரிசோதனை போன்றது. அதில் பழகிய கண்கள் பேரிடருக்குப் பின்னும் பயன்படும். கிறைஸ்ட்சர்ச்சில் நேர்ந்தது போன்ற மறைகுறையைப் பிடிக்க வல்லது, வரைபடத்தோடு பொருத்திச் செய்யும் இந்த முன்சோதனை வழியே தொடங்கும் ஆய்வுதான். இமயப் பகுதிக்கும் கட்சுக்கும் மட்டும் உரிய கவலையாக இதை ஒதுக்கிவிட முடியாது. சென்னையும் 2002இல் நிலநடுக்க வரைபடம் திருத்தப்பட்டபோது இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது.

நம் வாடிக்கையாளர்கள் அறிய வேண்டிய சில செய்திகள் எஞ்சியுள்ளன. பேரிடருக்குப் பின் ஒரு வீட்டுக்கு நால்வர் வரக்கூடும். பாதுகாப்பைப் பார்க்கும் பொறியாளர், நிவாரணம் கணக்கிடும் வருவாய்த்துறை அலுவலர், இழப்பை அளவிடும் காப்பீட்டு அளவையாளர், அடமானச் சொத்தின் மதிப்பைப் பார்க்கும் வங்கி மதிப்பீட்டாளர். கடைசி மூவரில் எவரும் ‘ஒன்றும் ஆகாது, தாராளமாக இருங்கள்’ என்று சொன்னால், அதை ஆறுதல் மொழியாக மட்டும் கொள்ளுங்கள். சிவப்போ மஞ்சளோ, தாளைப் படம்பிடித்து வையுங்கள், பிய்த்தெறியாதீர்கள். 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ‘பாரத் கிருக ரக்‌ஷா’ என்னும் வீட்டுக் காப்பீடு, நிலநடுக்கம், வெள்ளம், புயல், நிலச்சரிவு, நிலம் தாழ்தல் ஆகியவற்றை உள்ளடக்கியது. காப்பீட்டுக்குட்பட்ட சேதத்தால் வீடு குடியிருக்கத் தகாததானால் மாற்று வீட்டு வாடகைக்கும் அதில் வழியுண்டு. புதிய கட்டடம் இயல்பாக அமர்வதால் வரும் விரிசலுக்கு இல்லை. வீடு விழுந்தாலும் கடன் ஒப்பந்தம் நிற்கும் என்பதைச் சொல்ல நமக்கு மனம் இல்லை. ஆயினும் சொல்லியாக வேண்டும். அதே வேளையில், இயற்கைப் பேரிடர்ப் பகுதிகளில் கடன்களை மறுசீரமைப்பது உள்ளிட்ட நிவாரணங்களுக்கு ரிசர்வ் வங்கி வழிகாட்டுதல்கள் வகுத்துள்ளது. ஆகவே தவணை தவறிய பின் வருவதைவிட, தவறுமுன் கிளைக்கு வருவது நல்லது.

வங்கிகளிடமும் நமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நம்மை நாமே கேட்டுக்கொள்வதாகவும் கொள்ளலாம். சிடிவி கட்டடத்தைப் பார்த்த பொறியாளர் கையில் வரைபடம் இல்லை. நம் ஊர் அடுக்ககங்களில் அது சங்கச் செயலாளரின் அலமாரியில் இருக்கும். அந்த அலமாரி, நுழையக்கூடாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும். ஆனால் வீட்டுக்கடன் அளித்த ஒவ்வொரு வங்கியின் கோப்பிலும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் படி ஒன்று உறங்குகிறது. அதோடு கட்டமைப்பு வரைபடத்தையும் கேட்டுப் பெற்று, மின்வடிவில் பாதுகாத்து, பேரிடர் நாளில் மாவட்ட ஆணையத்தின் பொறியாளருக்கு ஒரு மணி நேரத்தில் தரும் ஏற்பாட்டை வங்கிகள் செய்யலாம். கடன்தாரரின் ஒப்புதலை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்த்தால் போதும். அதுவரை, வாடிக்கையாளர்களே கிளைக்கு விண்ணப்பித்துத் தம் வரைபடத்தின் படியைப் பெற்று, வெளியூர் உறவினர் ஒருவரிடமும் ஒரு படியைக் கொடுத்துவைக்கலாம்.